ஆளில்லாத நாக்கு

மலை ஏறுகிற வண்டியெல்லாம் மூச்சு வாங்கவும், இறங்குகிற வண்டியெல்லாம் பிரேக் கருகிய நாற்றத்தோடு ஆறவும் நிற்கிற ஒன்பதாவது வளைவில் ஏழு கடைகள் இருந்தன. ஏழு கடையிலும் கரியடுப்பு இருந்தது, ஏழு அடுப்பின் புகையும் ஒன்றாகச் சேர்ந்து பள்ளத்துப் பக்கமாக இறங்கி எட்டாவது வளைவில் வருகிறவர்களின் மூக்கில் ஏறி, வண்டியை நிறுத்தாமல் போகவிடாது. ஏழாவது கடை ஏழுமலையுடையது. அவன் பெண்டாட்டி இளவஞ்சி ஒரு நாளில் பேசுகிற பேச்சை ஒரு கைக்குள் மூடி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பக்கத்தில் சோளம் சுட்டு விற்கிற சம்பூர்ணம் சொல்வாள். அது கேலிதான், ஆனாலும் உண்மை. யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் இளவஞ்சி இடுப்பிலிருக்கும் ஐந்து மாதக் குழந்தையின் காதைத் தடவ ஆரம்பித்துவிடுவாள்.

அவர்களிடம் இருந்தது மெல்லிசான அலுமினியக் குண்டான். தணலில் வைத்தால் அடி தீய்ந்துபோகும், மேலே வேகாது. மூடி மேலே தணல் கொட்டினால் மூடி நெளிந்து சாம்பல் குழம்புக்குள் விழும். பெங்களூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி, "தம் போட்ட கோழி இருக்கா?" என்று கேட்பார்கள், ஏழுமலை தலையைச் சொறிவான், அவர்கள் மூன்றாவது கடைக்குப் போய்விடுவார்கள். கடைசியில் அவன் ஒருநாள் சொன்னான்.

"வஞ்சி, வார்ப்பு இரும்புல மூடி போட்ட தேக்சா ஒண்ணு வாங்கிடலாம். ஒனக்குத்தான் இரும்பு தெரியும். நீயே பாத்து எடு."

அவளுக்கு இரும்பு தெரியும் என்பது உண்மை. அவள் அப்பா வார்ப்படத் தொழிற்சாலையில் உருகின இரும்பை அச்சில் ஊற்றுகிறவர். அவர் கால் முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்பு. அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன இளவஞ்சிக்குப் பாடம் நினைவில் இல்லை, ஆனால் அப்பா சட்டிகளைத் தட்டிக்காட்டிச் சொன்னது எல்லாம் நினைவில் இருந்தது. விரல் கணுவால் தட்டினால் மணி மாதிரி இழுத்துக்கொண்டு போகவேண்டும், சட்டென்று அறுந்தால் எங்கேயோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளையில் மெழுகும் விளக்குக் கரியும் குழைத்து அடைத்திருப்பார்கள், நகத்தால் கீறினால் வந்துவிடும். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாக இருக்கணும். தணலில் நிற்க மூன்று கால் வேண்டும், மூடிக்கு ஒரு விரல் உயரம் விளிம்பு வேண்டும், இல்லாவிட்டால் தணல் வழிந்துவிடும். கடைசியாக ஒரு சோதனை. விரலை நாக்கில் தொட்டு அந்த ஈரத்தைச் சட்டியின் உள்ளே வைக்கணும். பூச்சு பூசின பொய் இரும்பில் எச்சில் முத்து மாதிரி நிற்கும். நல்ல இரும்பு அதைக் குடித்துவிடும்.

அந்தப் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் சட்டி வாங்குவார்கள். இதை யாரும் அசிங்கமாக நினைத்ததில்லை.

திங்கட்கிழமை, மேட்டுப்பட்டறைச் சந்தையில், தஸ்தகீர் பாயின் இரும்புக் கடை. தோசைக்கல், வாணலி, பணியாரக்கல், ஏணி உயரத்துக்கு அடுக்கிய தேக்சாக்கள். குழந்தையை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு இளவஞ்சி ஒவ்வொன்றாகத் தட்டினாள், கீறினாள், திரும்பி நின்று யாருக்கும் தெரியாமல் விரலை நாக்கில் தொட்டு உள்ளே வைத்தாள். ஒன்று அறுந்து ஒலித்தது. ஒன்றில் மெழுகு வந்தது. ஒன்றில் எச்சில் நின்றது. ஒன்று எல்லாவற்றிலும் தேறினாலும் மூடி ஆடியது. கடை வாசலில், தூணோடு சங்கிலி போட்டுக் கட்டி ஒரு தேக்சா கிடந்தது. உள்ளே கன்னங்கரேலென்று, எருமைக் கன்றின் முதுகு போல வழவழப்பாக இருந்தது. தட்டினாள், ஒலி இழுத்துக்கொண்டு மீன்கடை வரைக்கும் போனது. விரலை வைத்தாள். ஈரம் வைத்த இடத்திலேயே காணாமல் போனது. காணாமல் போனதோடு இல்லாமல், விரலை யாரோ லேசாக உள்ளே இழுத்ததைப் போலவும் இருந்தது.

"இது," என்றாள். அன்று காலையிலிருந்து அவள் பேசின முதல் வார்த்தை அது.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அது விக்கிறதுக்கு இல்லம்மா. பாக்கிறதுக்கு வெச்சது. நல்ல இரும்பு எப்படி இருக்கும்னு வர்றவங்க தொட்டுப் பாத்துட்டு, அப்புறம் உள்ள இருக்கறத வாங்குவாங்க. பதினோரு வருசமா அங்கதான் கெடக்கு."

அப்போதே அவள், சரி பாய், வேறு காட்டுங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடையில் எட்டுப் பேர் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னதே அவளுக்கு மலையேறின மாதிரி இருந்தது. சொன்னதை மாற்றிச் சொல்ல இன்னொரு வார்த்தை வேண்டும், அது அவளிடம் இல்லை. தலையைக் குனிந்து நின்றாள். ஏழுமலை அதைப் பிடிவாதம் என்று நினைத்து, "எம் பொண்டாட்டி கை வெச்சா வெச்சதுதான் பாய், சங்கிலிய அவுங்க" என்றான். பாய் அவிழ்த்தார். அவிழ்க்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார், மீன்காரி ஒருத்தி குறுக்கே வந்து வாணலி விலை கேட்டதில் அது நின்றுபோனது.

புது இரும்பை மூன்று நாள் பழக்கவேண்டும். முதல் நாள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைத்தாள். இரண்டாம் நாள் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காட்டினாள். மூன்றாம் நாள் வெங்காயத்தோல் போட்டு, மூடி, கீழேயும் மேலேயும் தணல் வைத்து, சம்பூர்ணம் மூன்று சோளம் விற்கிற நேரம் கழித்துத் திறந்தாள். அடியில் ஒரு நாக்கு இருந்தது.

ஏழுமலை முதலில் அதை ஆட்டு ஈரல் என்று நினைத்து, "எப்ப வாங்கின?" என்று கேட்டான். அது ஒரு உள்ளங்கை அகலம் இருந்தது. இரும்பிலிருந்தே முளைத்து, ஓரங்களில் சிவந்து, நடுவில் வெள்ளை படிந்து, மேலெல்லாம் சொரசொரவென்று புள்ளி வைத்திருந்தது. பல்லும் இல்லை, தொண்டையும் இல்லை. வெங்காயத்தோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுக்கியது, சுவரில் ஒட்டியிருந்த எண்ணெயை ஒரு சுற்று நக்கியது, பிறகு வெயில் பட்டதும் சுருண்டு படுத்துக்கொண்டது.

இளவஞ்சி பள்ளத்துப் பக்கம் ஓடிப்போய்க் குமட்டினாள்.

"அய்ய, மறுபடியும் உண்டாயிட்டியா?" என்று சம்பூர்ணம் கத்திக்கொண்டே வந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்து, இடுப்பில் கைவைத்து நின்றாள். "அடேங்கப்பா! ஒங் கடையில பேசறதுக்கு ஒரு நாக்கு கொறையுதேன்னு சாமியே குடுத்துச்சி போல."

அன்று சாயந்திரம் ஏழுமலை, தம் போட வேறு பாத்திரம் இல்லாததால், கோழியை அதிலேயே போட்டான். நாக்கு வேகவில்லை. தணலின் சூடு அதற்கு வெந்நீர்க் குளியல் மாதிரி. கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எல்லாப் பக்கமும் நக்கி, மசாலாவைச் சதைக்குள் தேய்த்து ஏற்றியது. உப்பு கூடினால் ஓரம் சுருக்கியது, ஏழுமலை தண்ணீர் விட்டான். காரம் குறைந்தால் மேலே எழும்பி மூடியைத் தட்டியது, மிளகாய் போட்டான். திறந்தபோது கறி கண்ணாடி மாதிரி பளபளவென்று வழுவழுத்து இருந்தது. முதல் துண்டைத் தின்ற லாரிக்காரர் எழுந்து நின்று தின்றார், அடுத்த துண்டுக்கு உட்கார்ந்துகொண்டார், பிறகு கிளீனருக்கும் கொடுக்காமல் சட்டியைச் சுரண்டினார். நாக்கு அவருடைய கரண்டியையும் நக்கியது. "நல்ல ருசி தெரிஞ்ச நாக்குப்பா" என்றார் அவர், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒன்பதாவது வளைவு அந்த நாக்கைத் தன் குடும்பத்தில் ஒன்றாக்கிக்கொண்டது. மலையில் விளைந்ததை வாங்கி வருகிறவர்கள் அதை நாக்கில் காட்டி விலை பேசினார்கள். தேனில் சர்க்கரைப்பாகு கலந்திருந்தால் அது துப்பிவிடும். சம்பூர்ணம் எலுமிச்சை மூடியைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சுட்ட சோளத்தை நாக்கில் ஒரு உருட்டு உருட்டி விற்றாள். பேச்சு வர நாளாகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையின் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள், பிள்ளையின் சின்னக் கையைப் பிடித்துச் சட்டிக்குள் நீட்டினார்கள், நாக்கு நக்கியதும் பிள்ளை வீறிட்டது, "பாத்தியா, சத்தம் வந்துடுச்சி!" என்று சந்தோஷப்பட்டுப் போனார்கள். வேன்காரர்கள் முன்கண்ணாடியில் 'நாக்கு துணை' என்று எழுதிக்கொண்டார்கள். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். காகிதத்தில் அழுக்கு, பூச்சி, முடி என்று இருந்தது, நாக்கு என்று இல்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் 'பாத்திரத்தின் அடிப்பாகம் ஈரமாக உள்ளது' என்று எழுதி, அரைத் தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

யாருக்கும் அருவருப்பு இல்லை. இளவஞ்சிக்குத்தான் இருந்தது, ஏனென்றால் காலையில் அதை வழிப்பது அவள் வேலை.

எந்த நாக்கையும் போல அதற்கும் விடிந்தால் வெள்ளை படியும். வழிக்காவிட்டால் அன்றைய கறி கசக்கும். தென்னை ஈர்க்கை இரண்டாகக் கிழித்து வளைத்து, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, அவள் சட்டிக்குள் குனிவாள். நாக்கு தானாகவே நீட்டிக்கொடுக்கும், அது இன்னும் மோசம். வழிக்க வழிக்க ஈர்க்கில் வருவது ஒரு ஆளுடைய அழுக்கில்லை. ஒரு இழை வெற்றிலைச் சிவப்பு, ஒரு இழை பீடியின் மஞ்சள், ஒரு இழையில் மூக்குப்பொடி, ஒன்றில் பழைய சாராயம், ஒன்றில் பல்வலிக்கு வைத்த கிராம்பு, ஒன்றில் மீன் செதில் வாடை, ஒன்றில் காய்ச்சல்காரன் வாய்க் கசப்பு. பதினோரு வருஷச் சந்தையின் வாய் முழுக்க அந்த ஈர்க்கில் தொங்கியது, கம்பிகம்பியாக, அறுந்து விழாமல். அதை அவள் மண்ணைத் தோண்டிப் புதைப்பாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மெல்லிய இழை வரும். அதில் ஏலக்காயும் சோம்பும் கலந்த வாடை இருக்கும். பால் ஊற அவள் தினமும் மெல்லுவது அதுதான். அந்த இழையைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு ரொம்பக் குமட்டும்.

அப்போது அவளுக்கு விளங்கிவிட்டது, நாக்கு எங்கேயிருந்து வந்தது என்று. ஆனால் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கையின் வாடை சீயக்காய் போட்டாலும் போகவில்லை, சோப்புப் போட்டாலும் போகவில்லை. தன் வாய்க்குள் இருக்கும் நாக்கே யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அவளுக்கு உறுத்த ஆரம்பித்தது. எச்சில் விழுங்கக் கூச்சப்பட்டு வாயை மூடியே வைத்திருந்தாள். ஒருநாள் பால் கொடுக்கக் குழந்தையை எடுத்தபோது மகிழினி அம்மாவின் விரலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதெல்லாம் இப்படி இருக்க, வரதராச வாத்தியார் சட்டிக்கு வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற பிறகு தினமும் சாயந்திரம் நடந்து வளைவுக்கு வருவார். வளைவில் ஒரு சின்ன அம்மன் மாடம் உண்டு. அதன் தூணில் ஆணி அடித்து, தன் சில்வர் டம்ளரை அங்கே மாட்டி வைத்திருந்தார். ஏழுமலை கடை டீ அவருக்குப் பிடிக்கும். டம்ளரை எடுத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார். இளவஞ்சி டம்ளரில் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றிவிட்டு இரண்டடி பின்னால் போகவேண்டும். பிறகு அவர் முன்னால் வந்து எடுத்துக்கொள்வார். எட்டு வருஷமாக அந்தக் கடையில் அவர் வாயில் போட்டது டீ மட்டும்தான். அவள் கல்யாணமாகி வந்த முதல் நாளே ஏழுமலை இதைச் சொல்லிக்கொடுத்திருந்தான், அடுப்பு மூட்டச் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

நாக்குச் சட்டிக் கறியின் வாசம் வாத்தியாரைப் பத்து நாள் படுத்தியது. பதினோராம் நாள் எல்லாரையும் மாடத்தின் முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாக்கு நக்கினால் அது எச்சில் பண்டம் ஆகாதா என்று இரண்டாவது கடைக்காரர் எப்போதோ ஒரு பேச்சுக்குக் கேட்டிருந்தார், அதற்குப் பதில் சொல்கிறேன் என்றார்.

"எச்சில்னா என்ன? அது ஒரு ஆளைச் சேர்ந்தது. ஆள் யாரு, என்ன ஊரு, யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சாதான் எச்சில். இந்த நாக்குக்கு ஆளு இருக்கா? இல்ல. ஆளில்லாத நாக்குல ஊறறது வெறும் ஈரம். மழ மாதிரி. மழைல நனைஞ்சா தீட்டா?"

"அதான! அதான!" என்றார்கள் எல்லாரும். அவர்களுக்கு அந்தக் கேள்வியே இருந்ததில்லை, பதில் கிடைத்தது சந்தோஷமாக இருந்தது.

வாத்தியார் இலையில் ஒரு துண்டு வாங்கித் தின்றார். அன்றிலிருந்து தினமும் தின்றார். டம்ளர் மட்டும் ஆணியிலேயே தொங்கியது, டீக்கு இரண்டடி அப்படியே இருந்தது.

"வாத்தியாரு நம்ம கையால வாங்கிச் சாப்பிடறாரு வஞ்சி," என்று ஏழுமலை கண் கலங்கினான். "எங்கப்பன் இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டான்."

அவளுக்கு ஏழுமலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த மனிதர் கறியை மென்று, விரல் ஐந்தையும் சூப்பி, பிறகு டீ வாங்க இரண்டடி பின்னால் போய் நிற்கிறபோது, காலையில் ஈர்க்கில் வருவதைப் பார்ப்பதைவிடப் பெரிதாக அவள் வயிற்றைப் புரட்டியது.

மகிழினிக்கு எட்டாம் மாதம் வந்தது. சோறூட்ட வேண்டும். எங்கே, எதில் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. வளைவே முடிவு பண்ணிவிட்டது. முதல் சோறு நாக்குச் சட்டியில் வேகும். நாக்கு அதை நக்கி உருண்டை பிடித்துக் கொடுக்கும், அதுதான் பாப்பாவின் வாயில் முதலில் போகும், பேச்சு தேன் மாதிரி வரும், அம்மா மாதிரி ஊமைக்கோட்டானாக ஆகாது. வாத்தியாரே வந்து முதல் உருண்டையைத் தான் சாப்பிட்டு, இரண்டாவதைக் குழந்தைக்கு ஊட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஏழுமலைக்குக் கால் தரையில் படவில்லை.

"வேற சட்டி வாங்கலாங்க," என்றாள் இளவஞ்சி, துணி மடித்துக்கொண்டே, துணியிடம் சொல்வது மாதிரி.

"எதுக்கு?"

அவளால் எதற்கென்று சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியது முழுக்க வாய்க்குள் இருந்தது, பக்கத்திலேயே அந்த நாக்கும் இருந்தது.

"புள்ள சாப்பிடட்டும்," என்று மட்டும் சொன்னாள். "சுத்தமா."

"கழுவித்தான வெக்கிற தெனமும்?" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மற்ற ஆறு கடையும் அடுப்பை அணைத்துவிட்டு ஏழாவது கடைக்கு வந்தன. லாரிக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். சம்பூர்ணம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, புகையில் அது பாழாகிறதே என்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய். ஏழுமலை மூடிமேலிருந்த தணலைத் தள்ளித் திறந்தான். ஆவி விலகியதும் பார்த்தார்கள், நாக்கு சோற்றைத் தன்மேல் போட்டு உருட்டி உருட்டி இரண்டு உருண்டை செய்து வைத்திருந்தது. பளபளவென்று, ஒரு பருக்கை தனியாகத் தெரியாமல், ஒவ்வொன்றிலிருந்தும் கீழே நாக்கு வரைக்கும் ஒரு கம்பி மின்னிக்கொண்டு நீண்டது.

"தெய்வீகம்," என்றார் வாத்தியார். முதல் உருண்டையை எடுத்தார். கம்பி இழுபட்டு அறுந்தது. வாயில் போட்டு, கண்ணை மூடி மெல்ல ஆரம்பித்தார். வாய் நிறைய இருக்க, இரண்டாவது உருண்டையை எடுத்துக்கொண்டு, கொண்டா என்று கையால் சைகை காட்டினார்.

இளவஞ்சி குழந்தையை நீட்டவில்லை.

"குடு வஞ்சி," என்றான் ஏழுமலை.

மகிழினி வாயைத் திறந்துகொண்டு உருண்டையைப் பார்த்தாள். கையில் வருவதையெல்லாம் வாயில் வைக்கிற வயசு. உருண்டை இன்னும் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதன் வாடை இளவஞ்சிக்கு வந்தது, வெற்றிலை, பீடி, கிராம்பு, மீன், கடைசியில் ஏலக்காய். அவள் குழந்தையின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். காது தடவக் கை இல்லை.

"சார்," என்றாள். "ஆளு தெரிஞ்சாதான் எச்சின்னு சொன்னீங்களே."

வாத்தியார் மென்றுகொண்டே தலையை ஆட்டினார்.

"ஆளு நான்தான்."

சம்பூர்ணம் வாயைப் பிளந்தாள். இளவஞ்சிக்கே அது தன் குரல் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது, தெரிந்தபிறகு நிறுத்த முடியவில்லை.

"சந்தையில இந்தச் சட்டிய எடுக்கறப்ப வெரல எச்சி பண்ணி உள்ள வெச்சேன். கடைசியா வெச்சது நான்தான். எனக்கு முன்னாடி பதினோரு வருசமா சந்தைக்கு வந்தவங்க அத்தன பேரும் வெச்சிருக்காங்க. மீன் விக்கிறவங்க, தோல் ஷெட்டுல வேல செய்யறவங்க, சாக்கட அள்றவங்க, குப்ப பொறுக்கறவங்க, எங்க அம்மா வீட்டுத் தெருக்காரங்க எல்லாரும் அங்கதான் சட்டி வாங்குவாங்க. எல்லாரும் வெரல வெச்சாங்க. அந்த எச்சிதான் இது. தெனம் காலையில வழிச்சிப் போடறது நான், யாரு யாருதுன்னு எனக்கு வாசனையிலயே தெரியும். என்னுதும் இருக்கு. நீங்க மூணு மாசமா அதத்தான் சார் சாப்புடறீங்க. அப்புறம் எதுக்கு அந்த டம்ளரு?"

வாத்தியாரின் தாடை நின்றுபோனது.

வாயில் இருந்ததை அவரால் விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. துப்பினால், மூன்று மாதம் தின்றது என்ன என்று ஒப்புக்கொண்டது ஆகும். கன்னம் உப்ப, கண் பிதுங்க, நெற்றியில் வேர்வை மணிமணியாக வர, அவர் நின்றார், வளைவு முழுக்க அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. சட்டிக்குள் நாக்கு மெதுவாக எழும்பி, விளிம்பில் மிச்சம் ஒட்டியிருந்த வெல்லத்தை 'சப்'பென்று ஒரு நக்கு நக்கியது. அந்தச் சத்தம் போதுமாக இருந்தது. அவர் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார். முதல் உருண்டை போனது, காலை இட்லி போனது, வந்துகொண்டே இருந்தது, மூன்று மாதக் கறியும் வருவது மாதிரி வந்தது. கீழே எட்டாவது வளைவில் போய்க்கொண்டிருந்த வேன் ஒன்று வைப்பர் போட்டுக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அவர் மலைப்பாதையில் இறங்கிப் போனார். டம்ளரை மறந்துவிட்டார்.

"எங்க எச்சியெல்லாம் இத்தன நாளு இனிச்சிச்சாம்," என்றாள் சம்பூர்ணம். "இப்ப கொமட்டுதாம். அய்ய! தூ!" அவள் எல்லாரையும் விட அதிகமாகத் தின்றவள். தானும் ஒருமுறை எட்டிப்போய்க் கொஞ்சம் குமட்டிப் பார்த்தாள், வரவில்லை, பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

கூட்டம் கலைந்தபிறகு ஏழுமலை அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மேலே போகிற பஸ் ஒன்று போனது, கீழே போகிற பஸ் ஒன்று போனது.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"எம் மானத்த வாங்கிட்டியேடி," என்றான். சொல்லிவிட்டு, வாங்கியது யார் என்று அவனுக்கே சந்தேகம் வந்தது மாதிரி தூணில் தொங்கிய டம்ளரைப் பார்த்தான். சந்தைக்காரர்கள் எல்லாருடைய எச்சிலும் பேர் தெரியாதவரைக்கும் அமிர்தமாக இருந்திருக்கிறது, தன் பெண்டாட்டியின் பேர் சொன்னதும்தான் குடல் வெளியே வந்திருக்கிறது. அதை அவன் உட்கார்ந்த இடத்திலேயே ரொம்ப நேரம் மென்றான். பிறகு எழுந்து போய் டம்ளரை எடுத்தான், பானையில் தண்ணீர் மொண்டான், வழக்கமாக அண்ணாந்து குடிப்பவன், அன்று விளிம்பில் உதட்டை நன்றாக அழுத்தி வைத்துக் குடித்தான். கழுவாமல் ஆணியில் மாட்டினான்.

"மூடிய எடுத்துக்க," என்றான். "சட்டிய நான் தூக்கறேன்."

தஸ்தகீர் பாய் நாக்கைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "இதத்தான் தம்பி அன்னிக்குச் சொல்ல வந்தேன். போன ரம்ஜானப்பவே அடியில லேசா செவந்திருந்துச்சி. அத்தன பேரும் வாய் ஈரத்தக் குடுத்தா இரும்பு என்ன பண்ணும், பாவம்." தேக்சாவைத் தூக்கிப் பழையபடி தூணில் சங்கிலி போட்டார். அவர் கையை எடுப்பதற்குள் ஒரு ஆள் வந்து விரலை நாக்கில் தொட்டு உள்ளே வைத்தான். உள்ளே இருந்த நாக்கு அவன் விரலை நக்கிக் கொடுத்தது. "நல்ல இரும்பு," என்று சொல்லிவிட்டு அவன் கடைக்குள் போனான்.

இளவஞ்சி அடுக்கின் முன்னால் நின்றாள். தட்டினாள், கீறினாள், சுவரின் தடிப்பைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அளந்தாள். அடியிலிருந்து இரண்டாவதாக இருந்த ஒன்றை வெளியே எடுக்கச் சொன்னாள். மணலின் சொரசொரப்பு இன்னும் போகாத, சாம்பல் நிறத்தில் அசிங்கமாக இருந்த புதுச் சட்டி. மூன்று கால், விரல் உயர விளிம்பு, ஆடாத மூடி.

"தொட்டுப் பாரும்மா," என்றார் பாய்.

விரல் தானாக வாய்க்குப் போனது. பாதியில் நிறுத்தினாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க பாய்," என்றாள், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பாய் சொம்பை நீட்டினார். ஒரு சொட்டு வைத்தாள். இரும்பு குடித்தது.

மூன்று நாள் பழக்கினாள். கஞ்சித்தண்ணீர், விளக்கெண்ணெய், வெங்காயத்தோல். ஒவ்வொரு தடவையும் மூடியை முதலில் ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் உள்ளே கறுப்பு இருந்தது, வேறெதுவும் இல்லை. கோழி முன்னைப்போல் பளபளக்கவில்லை. லாரிக்காரர் ஒருவர், "ருசி போச்சே" என்றார், உச்சுக்கொட்டிவிட்டு இன்னொரு தட்டு கேட்டார்.

நாலாம் நாள், சாயந்திரம் வரைக்கும் பொறுக்காமல், காலையிலேயே வாத்தியார் வந்தார். தீயில் வெந்தது எதற்கும் எச்சில் ஒட்டாது என்று வழியெல்லாம் யோசித்து ஒரு வாதம் கொண்டு வந்திருந்தார். பழைய சட்டியைக் காணாமல் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். பழக்கத்தில் ஆணியிலிருந்து டம்ளரை எடுத்துச் சுவர்மேல் வைத்து இரண்டடி பின்னால் போனார். ஏழுமலை உயரத்திலிருந்து ஊற்றினான். வாத்தியார் எடுத்து, உதட்டை விளிம்பில் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். ஏழுமலை அடுப்பை விசிறுகிற சாக்கில் குனிந்துகொண்டான். கடைக்குள்ளிருந்த இளவஞ்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், சிரிப்பா குமட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை.

புதுச் சட்டியில் பருப்புச் சோறு குழைந்திருந்தது. சம்பூர்ணம் மட்டும் வந்திருந்தாள், சாதாரணச் சேலையில். இளவஞ்சி கையை மூன்று தடவை கழுவி, முகர்ந்து பார்த்து, நாலாவது தடவையும் கழுவி, ஒரு பட்டாணி அளவு சோற்றை எடுத்து மகிழினியின் வாயில் வைத்தாள்.

குழந்தை அதை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. முகம் கோணியது, மூக்கு சுருங்கியது, இரண்டு கண்ணும் ஒன்றாக மூடின. பிறகு ஒரு துளி நாக்கு வெளியே வந்து, சோற்றை அப்படியே முன்னால் தள்ளியது.

"த்தூ," என்றாள் மகிழினி.

"அய்ய, என்னாடி இது! மொதோ சோத்தயே துப்பறா!" என்று சம்பூர்ணம் கன்னத்தில் கை வைத்தாள்.

தன் கன்னத்தில் தெறித்ததை இளவஞ்சி துடைக்கவில்லை. அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பாக, ஈரமாக, ஒரு ரோஜா இதழின் பாதி அளவு இருந்தது. வேண்டாததை வேண்டாம் என்றது. அதற்கு ஆள் இருந்தது.